பழைய மோட்டார் சைக்கிள் விளம்பரங்களை எப்படி வாசிப்பது?

வீட்டுப் பரணில் கிடைத்த 1980களின் வார இதழ்களில் எஸ்டி, புல்லட், யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா விளம்பரங்களைப் பார்த்ததாகவும், உங்கள் அப்பா ஒரு காலத்தில் எஸ்டி ஓட்டியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வண்டிகள் விளம்பரத்தில் சொன்ன அளவுக்குச் சிறந்தவைதானா, அல்லது காலம் கடந்ததால் நமக்கு அப்படித் தோன்றுகிறதா என்பது உங்கள் கேள்வி. அந்த விளம்பரங்களை நம்பி ஒரு பழைய வண்டியை வாங்கலாமா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். இவற்றை ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டால் பதில் குழம்பிவிடும். வண்டியின் தரம் ஒன்று, விளம்பரத்தின் உண்மை இன்னொன்று, பார்ப்பவர் மனத்தில் எழும் ஏக்கம் மூன்றாவது. இம்மூன்றும் சில இடங்களில் பொருந்தி வரும், பல இடங்களில் பொருந்தா.

நான் பல ஆண்டுகளாகப் பழைய இருசக்கர வண்டிகளைப் பிரித்துச் சீரமைத்து வருகிறேன். பழைய விளம்பரங்களை நான் சேர்க்கத் தொடங்கியது அந்த வேலைக்காகத்தான். எந்த ஆண்டு எந்த விளக்கு, எந்த ஹேண்டில்பார், எந்த சைலன்சர் என்று பார்ப்பதற்கு அவை உதவின. விளம்பரத் துறையில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆகவே எந்திரத்தைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், மனித மனத்தைப் பற்றிச் சொல்வதை ஓர் அனுபவசாலியின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் ஒரு பழைய விளம்பரம் வண்டியைப் பற்றிச் சொல்வதைவிட, அதை வாங்க வந்தவர் எதற்குப் பயந்தார் என்பதைப் பற்றித்தான் அதிகமாகச் சொல்கிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100. 'ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்' என்ற அதன் விளம்பர வாசகத்தை இன்று படிக்கும் 25 வயதுக்காரருக்கு, பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடுவதில் என்ன சிறப்பு இருக்கிறது என்று தோன்றும். அன்று சாலையில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள், அதாவது பிஸ்டனின் இரண்டே அசைவில் ஒரு சுற்று எரிப்பை முடிக்கும் எஞ்சின் கொண்டவை. ராஜ்தூத், ஜாவா போன்றவற்றில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். வண்டிக்கு ஏற்றபடி லிட்டருக்கு ஏறக்குறைய 30 முதல் 50 மில்லி வரை. ஆயில் கூடினால் பிளக்கில் கரி படிந்து வண்டி நடு வழியில் நிற்கும், சைலன்சர் அடைத்துக்கொள்ளும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்சக்கரம் அப்படித் திடீரென்று பூட்டிக்கொள்வதை ஒரு முறை அனுபவித்தவர், அதன் பிறகு பெட்ரோல் பங்க்கில் அளவுக் குவளையைக் கவனிக்காமல் நிற்க மாட்டார். அந்த வாசகம் அவரிடம்தான் பேசியது. நான்கு அசைவில் அதை முடிக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தனியாக அடியில் இருப்பதால் கலக்கும் வேலையே இல்லை என்பது முற்றிலும் உண்மை. 'மறந்துவிடு' என்பதுதான் மிகை, ஏனென்றால் அந்த வண்டிக்கும் உரிய காலத்தில் ஆயில் மாற்ற வேண்டும், வால்வை இயக்கும் டேப்பட்டின் இடைவெளி பார்க்க வேண்டும், செயினை இறுக்க வேண்டும்.

அதே விளம்பரம் லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்றும் சொன்னது. இதிலும் எந்திரவியல் அடிப்படை இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் துவாரமும் புதிய கலவை உள்ளே வரும் துவாரமும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அப்போது எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வுகள் அதைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. எனவே சி.டி. 100 மற்றவற்றைவிடச் சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளம்பரங்களில் வரும் மைலேஜ் எண்கள் சமதளத்தில், சீரான மிதமான வேகத்தில், சோதனை நிலைமைகளில் எடுக்கப்பட்டவை. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தவருக்கு அந்த எண் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

இனி உங்கள் அப்பாவின் வண்டிக்கு வருகிறேன். மைசூரில் 1960இல் நிறுவப்பட்ட ஐடியல் ஜாவா, செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்தின் உரிமம் பெற்று உற்பத்தியைத் தொடங்கி, 1970களின் தொடக்கத்தில் எஸ்டி என்ற சொந்தப் பெயருக்கு மாறியது. 'ஃபாரெவர் பைக், ஃபாரெவர் வேல்யூ' என்பது அதன் வாசகம். என்றென்றைக்குமான வண்டி என்று ஒரு நிறுவனம் ஏன் சொல்ல வேண்டும்? வண்டி என்பது அன்று ஒரு குடும்பம் பலமுறை வாங்கும் பொருளாக இல்லை. உற்பத்தி அளவுக்கே அரசின் உரிமம் தேவைப்பட்ட காலம் அது. சில வண்டிகளுக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கான காத்திருப்பு அதில் பெயர்பெற்றது. காத்திருந்து வாங்கியது பாதியில் கைவிட்டுவிடக் கூடாது என்பதே வாங்குபவரின் அச்சம். எஸ்டியின் அமைப்பு அந்த அச்சத்துக்கு நேர்மையான விடையாகவே இருந்தது. வால்வு இல்லை, வால்வைத் திறக்கும் கேம் இல்லை, எஞ்சினில் அசையும் உறுப்புகளே குறைவு. இரும்பு சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து, அதாவது உள்துளையைக் குடைந்து அகலமாக்கி, சற்றுப் பெரிய பிஸ்டன் போடலாம், அதுவும் தேய்ந்தால் மறுபடியும் செய்யலாம். சிற்றூரில் இருந்த மெக்கானிக்கும் செய்யக்கூடிய வேலை அது. நிறுவனம் 1996இல் மூடப்பட்ட பிறகும் அதன் வண்டிகள் ஓடிக்கொண்டிருப்பதால், அந்த வாசகம் பெரும்பகுதி மெய்யானது என்றே சொல்வேன். 6 வோல்ட் விளக்கின் மங்கலான ஒளியை மட்டும் எந்த விளம்பரமும் சொல்லவில்லை, அதை இரவில் ஓட்டியவர்கள் சொல்வார்கள்.

அந்த வண்டியில் ஒரு நுணுக்கத்தை அருகில் நின்று பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் கிக்கரும் கியர் போடும் நெம்புகோலும் இடப்பக்கத்தில் ஒன்றேதான். அதை உள்நோக்கி அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர் ஆகும். மிதித்து எஞ்சின் பிடித்ததும் திருப்பி இறக்கினால் கியர் நெம்புகோலாகப் பழைய இடத்தில் வந்து அமரும். தெரியாதவர் அந்த வண்டியைக் கிளப்பவே முடியாது. புல்லட்டுக்கும் இப்படி ஒரு முறை உண்டு. எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை விடுவிக்க, கைப்பிடியில் உள்ள டிகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் உச்சியைத் தாண்டிய அந்த இடத்தில் விட்டு, பிறகு ஒரே மிதி. இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். உங்கள் அப்பா போன்றோர் அந்த வண்டிகளைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டி யாருக்கும் கிளம்பும், அவர்களுடைய வண்டியோ கற்றுக்கொண்டவருக்கு மட்டுமே கிளம்பியது. அந்தத் திறமையின் நினைவு, வண்டியின் தரத்தைப் பற்றிய நினைவோடு கலந்துவிடுகிறது.

புல்லட் விளம்பரங்கள் சற்று வேறு வகையைச் சேர்ந்தவை. 'மேட் லைக் எ கன்' (துப்பாக்கி போலச் செய்தது) என்ற வாசகம் நம் நாட்டில் பிறந்தது இல்லை. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் இருந்த தாய் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சைக்கிள்களுக்காகப் பயன்படுத்தியது. நம் ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதை ஒட்டி 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சினின் அடிப்படை அமைப்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ மாறவில்லை. நீண்ட ஸ்ட்ரோக்கும் எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்துதான் குறைந்த வேகத்திலும் இழுக்கும் வலிமையையும், பலர் இதயத் துடிப்பு என்று சொல்லும் அந்தச் சத்தத்தையும் தருகின்றன. அதே அமைப்புதான் நடுக்கத்தையும் தருகிறது. பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் நட்டுகள் கழல்வதும் ஆயில் கசிவதும் வண்டியோடு பிறந்த குணங்கள்.

ஏக்கத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்தி இந்த வண்டிகள் எதிலும் இல்லை, ராஜ்தூத் 350இல் இருக்கிறது. யமஹாவின் ஆர்.டி. 350 வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் அந்தப் பெயரில் இங்கே தயாரித்தது. இரண்டு சிலிண்டர், ஆறு கியர், முதலில் வந்த வகையில் ஏறக்குறைய 30 குதிரைத்திறன். அன்றைய இந்தியச் சாலையில் அதற்கு இணையான வண்டி இல்லை. ஆனால் விற்கவில்லை. பெட்ரோல் அதிகம் குடித்தது, விலை கூடுதல், உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கவில்லை. சிக்கனத்துக்காகத் திறன் குறைக்கப்பட்ட இன்னொரு வகையும் வந்தது, அதுவும் கைகொடுக்கவில்லை. 1990ஐ ஒட்டி உற்பத்தியே நின்றுவிட்டது. இன்று பழைய வண்டி ஆர்வலர்கள் முதலில் உச்சரிக்கும் பெயர்களில் அது ஒன்று. அக்காலத்து மக்கள் எதை விரும்பினார்கள் என்பதை நம் ஏக்கம் அப்படியே எதிரொலிப்பதாக எண்ண வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் மைலேஜைத்தான் விரும்பினார்கள். வெளிநாட்டில் முன்சக்கர டிஸ்க் பிரேக்கோடு விற்ற அந்த வண்டிக்கு இங்கே டிரம் பிரேக்தான் கிடைத்தது என்பதையும், அந்த வேகத்துக்கு அந்த பிரேக் போதாது என்பதையும் வாங்க நினைப்பவர்கள் மறக்கக் கூடாது.

நீங்கள் ரசிக்கும் விளம்பரங்களில் பெரும்பாலானவை ஏன் ஒரே காலத்தைச் சேர்ந்தவை என்பதற்கும் காரணம் இருக்கிறது. காத்திருந்து வாங்கும் சந்தையில் நிறுவனங்களுக்கு விளம்பரத்தால் ஆக வேண்டியது குறைவு. 1980களில் ஜப்பானியக் கூட்டுக்கு அனுமதி கிடைத்ததும், 1984இல் இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100உம், அதன் பின் கவாசாகி பஜாஜ் என்று 100 சி.சி. வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. ஒரே அளவு எஞ்சின், ஏறத்தாழ ஒரே வாடிக்கையாளர். அப்போதுதான் ஒவ்வொருவரும் தனித்துத் தெரிய வேண்டிய கட்டாயம் வந்தது. ஆர்.எக்ஸ். 100 விசையைச் சொன்னது, ஹீரோ ஹோண்டா சிக்கனத்தைச் சொன்னது. நாம் பொற்காலம் என்று நினைப்பது போட்டி தொடங்கிய ஒரு குறுகிய இடைவெளியை. அமெரிக்காவில் 1963இல் ஹோண்டா வெளியிட்ட புகழ்பெற்ற விளம்பரமும் இதே வகைதான். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் முரடர்கள் என்ற அச்சம் அங்கே நிலவியதால், ஹோண்டாவில் வருபவர்கள் மிக நல்ல மனிதர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வண்டியைச் சீரமைக்க விளம்பரத்தை ஆதாரமாகக் கொள்ளலாமா என்றால், வடிவத்துக்கு ஓரளவு கொள்ளலாம், நிறத்துக்குக் கொள்ளவே கூடாது. வார இதழ்களில் பல விளம்பரங்கள் ஒற்றை நிறத்திலோ இரண்டு நிறங்களிலோ அச்சானவை. பல வண்ணத்தில் இருந்தாலும், மைக்கும் தாளுக்கும் ஏற்ப நிறம் மாறியிருக்கும், ஆண்டுகள் போகப்போக மேலும் வெளுத்திருக்கும். படத்தைத் தூரிகையால் திருத்தி அழகூட்டுவதும் அன்றைய வழக்கம். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் மாட்டும் தடுப்பு, கால் பக்கத்து காவல் கம்பி போன்றவை படத்தில் இல்லாமல் இருந்தாலும், வாங்கிய வண்டியில் இருந்திருக்கும். உண்மையான நிறம் வண்டியிலேயே ஒளிந்திருக்கிறது. பழைய ஜாவா, புல்லட் டேங்குகளில் முழங்கால் படும் இடத்தில் உள்ள ரப்பர் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். டேங்கின் பெயர்ச்சின்னத்துக்கு அடியிலும், கருவிப் பெட்டியின் உட்புறத்திலும், சீட்டுக்குக் கீழும் பாருங்கள். வெயில் படாத அந்த இடங்களில், மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்திருந்தாலும், தொழிற்சாலையில் அடித்த நிறம் ஒரு விரல் அகலத்துக்காவது மிஞ்சியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள், வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்பதால், இந்தத் தேடல் வெறும் ஆர்வத்துக்கானது மட்டுமன்று.

பழைய விளம்பரம் என்ற பெயரில் இப்போது மறுபதிப்புகளும் விற்கப்படுகின்றன. பூதக்கண்ணாடியால் பார்த்தால், அசலில் நிறப் புள்ளிகள் ஒழுங்கான வட்ட அடுக்குகளாகத் தெரியும், கணினி அச்சுப்பொறியில் எடுத்ததில் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியிருக்கும். இதழிலிருந்து கத்தரித்ததென்றால் பின்பக்கத்தில் ஏதாவது கதையோ செய்தியோ இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பவற்றை லாமினேட் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பசை பிறகு தாளைவிட்டுப் பிரியாது. அமிலமற்ற தாள் உறையில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

இனி ஐயத்துக்குரியவை. முதலில் வந்த ஆர்.எக்ஸ். 100 வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டப்பட்டவை, ஆகவே அவையே சிறந்தவை என்று விற்பவர்கள் சொல்வார்கள். தொடக்க வண்டிகளில் ஜப்பானியப் பாகங்கள் இருந்தன என்பது சரி. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, பலமுறை ரீபோர் ஆகி, கிராங்க் மாற்றப்பட்டு, கார்புரேட்டரும் வேறாகிவிட்ட ஒரு எஞ்சினில் அந்த வேறுபாடு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அன்றைய இரும்பு உறுதி, இன்றையது தகரம் என்ற பேச்சும் பாதிதான் சரி. மட்கார்டும் சட்டமும் கனமாக இருந்தது உண்மை. ஆனால் இன்று நம் கண்ணில் படுபவை பிழைத்துக்கிடக்கும் நல்ல வண்டிகள் மட்டுமே, பழைய இரும்புக் கடைக்குப் போனவை கணக்கில் வருவதில்லை. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே முதியவர்களிடம் அடர்த்தியாகத் தங்குகின்றன என்பது உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. உங்கள் அப்பா எஸ்டி ஓட்டியதும் அந்த வயதில்தான் இருக்கும். உங்களுக்கு அந்த நினைவு இல்லாமலே ஏக்கம் எப்படி வந்தது என்பதை விளக்கும் தகுதி எனக்கு இல்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு வந்திருக்கலாம் என்பது ஊகம் மட்டுமே.

டூ ஸ்ட்ரோக் வண்டியின் மணத்தை விரும்புவோர் பலர், நானும் அவர்களில் ஒருவன். அந்த மணம் எரியாத பெட்ரோலும் ஆயிலும் காற்றில் கலப்பதால் வருவது. 1991இல் தொடங்கி 1996இலும் 2000இலும் புகை வரம்புகள் கடுமையானபோது இந்த எஞ்சின்கள் படிப்படியாக விலகியதற்கு அதுவே காரணம், அந்த முடிவு சரியானது.

வாங்குவதைப் பொறுத்தவரை, முதலில் யாரிடமாவது கேட்டு ஒரு பழைய எஸ்டியை ஒரு காலைப் பொழுது ஓட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பிரேக்கை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குப் பழகிய கையும் காலும் டிரம் பிரேக்கில் எவ்வளவு தூரம் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதன் பிறகும் விருப்பம் இருந்தால், எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா, பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள். எஞ்சின் கெட்டால் சரிசெய்யலாம், தாள் இல்லாத வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. வாங்கியதும் பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக அவை செய்யப்படவில்லை. வண்டியைப் பல வாரம் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், இவ்வகைப் பழைய இரும்பு டேங்குகள் உள்ளிருந்து துருப்பிடிப்பதைத்தான் இப்போது நான் அதிகமாகச் சரிசெய்கிறேன்.